ஆட்டை பஸ் என்று ஒத்துக்கொள்ளாதவர்

ஆடு ஒருநாளும் பஸ் ஆகாது என்பதற்காக எதிர்காலத்தையே பணயம் வைத்தவர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருவர்தான் உண்டு. எங்களோடு பேங்க் பரீட்சைக்குப் படித்தார். அரிமளம் பக்கம். பெயர் என்னவோ இருந்தது. கோச்சிங் சென்டரில் எல்லோருக்கும் அவர் 'எப்புடிங்க'.

காரணம், சிலாஜிசம். இரண்டு வாக்கியம் கொடுப்பார்கள். எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் அதை உண்மை என்று வைத்துக்கொண்டு முடிவு சொல்ல வேண்டும். முதல் நாள் சார் போர்டில் எழுதினார்: எல்லா ஆடுகளும் பஸ்கள். எல்லா பஸ்களும் மரங்கள். நாங்கள் சமர்த்தாக வட்டத்துக்குள் வட்டம் போட்டோம். இவர் எழுந்தார்.

"எப்புடிங்க? எங்க வீட்ல பதினாலு ஆடு கெடக்கு. ஒண்ணுகூட பஸ்ஸில்லீங்களே."

"நெசமில்லப்பா. நெசம்னு வச்சுக்க!"

"நெசமில்லாததை எதுக்குங்க வச்சுக்கணும்?"

சார் போர்டை அழித்தார். மறுநாள் பாவம், ஆட்டை விட்டுவிட்டு 'எல்லாப் பேனாக்களும் நீலம்' என்று எழுதினார். எப்புடிங்க சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக் காட்டினார். மாதிரித் தேர்வில் ஐந்து கேள்விக்கும் பக்கத்தில் 'கேள்வியே தப்பு' என்று எழுதிவிட்டு, சைபர் போட்டதற்கு அரைமணி நேரம் சண்டை வேறு.

"பேசாம நான் மளிகைக்கடை வச்சிருக்கலாம்" என்று சார் நாற்காலியில் சரிந்தார்.

சிரித்தோம். ஆனால் அவருக்கு அதுதான் கடைசிப் பரீட்சை. வயது வரம்பு முடிகிறது. தவறினால் குவைத், மாமா விசாவோடு காத்திருந்தார். ஆத்தாளையும் ஆடுகளையும் விட்டு இரண்டு நாள் வெளியூரில் தங்காத மனிதர்.

பரீட்சை முடிந்து வந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"சிலாஜிசம்?" என்றேன் பயந்துகொண்டே.

"அஞ்சும் போட்டுட்டேன் தம்பி. பல்லைக் கடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்."

சார் சந்தோஷத்தில் அத்தனை பேருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். ரிசல்ட் வந்தது. என் நம்பர் இருந்தது. அவர் நம்பர் இல்லை.

அவர் கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்புட்டுப் பொய்யையும் ஒத்துக்கிட்டேனே தம்பி. அதுக்கப்பறமும் எடுத்துக்கலை பாருங்க."

பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இப்போது பேங்கில் மீட்டிங் என்று கூப்பிட்டு வைத்து எதையாவது சொல்கிறார்கள். எல்லோரும் தலையாட்டுகிறோம், நான் கொஞ்சம் வேகமாகவே ஆட்டுகிறேன். ஆட்டி முடித்ததும் வெட்கமாக இருக்கிறது. பாழாய்ப்போன அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.