ஜீவரசமா, இயக்குநீரா?

தமிழ் மக்களின் இரத்தக் கொதிப்பைத் தணிக்கவென்றே இந்த நூற்றாண்டில் அவதரித்த மகத்தான நிறுவனம் ஒன்று உண்டென்றால், அது மயிலாப்பூர் கலைச்சொல் வளர்ச்சிக் கழகம்தான். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய கையோடு, 'பிளட் பிரஷர் ஏன் வருகிறது?' என்பதை நல்ல தமிழில் பிரசுரம் போட்டு ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பதென்று கழகம் ஏகமனதாகத் தீர்மானித்தது.

எழுதும் பொறுப்பு காரியதரிசி ராஜநாயகத்துக்கு. சாந்தோமில் ரசாயன வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைவிடத் தகுதியானவர் கிடையாது. அவருக்கே பிளட் பிரஷர் இருந்தது.

"கோபமே ஆகாது சார்," என்று டாக்டர் ஹென்றி அவரைக் கண்டித்து வைத்திருந்தார். "கோபப்பட்டா, சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி அட்ரினலின்னு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும். ரத்தக் குழாயெல்லாம் இறுகிப்போகும். இருக்கிற பிரஷருக்கு மேல இதுவும் ஏறினா, மூளையில குழாய் வெடிச்சிடும்."

அன்றிலிருந்து ராஜநாயகம் பாலில் தண்ணீர் ஊற்றுகிற பால்காரனைக்கூடப் புன்னகையோடு வரவேற்றார். "இந்த டாக்டர் இத்தனை வருஷமா எங்கே போயிருந்தார்?" என்று மனைவி அல்போன்சா பூரித்தாள்.

டாக்டர் சொன்னதையே பிரசுரமாகவும் எழுதிவிட்டார். பாக்கி ஒரே ஒரு சொல்: ஹார்மோன். அதற்குத் தமிழ் காணக் கழகம் கூடியது. கூடிக்கொண்டே இருந்தது. இதற்கிடையே ஊரில் பல பேர் பொத்தென்று விழுந்து செத்தார்கள். ஆனால், கலப்படத் தமிழைப் படித்துவிட்டுச் செத்தார்கள் என்ற பழி மட்டும் கழகத்துக்கு வரவில்லை.

"ஜீவரசம்னு சொல்றச்சே வாய் நிறையறது பாருங்கோ," என்றார் சுந்தரராமன், வடமொழிக் கட்சி. "இயக்குநீராம்! கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணி மாதிரின்னா இருக்கு!"

தனித்தமிழ்க் கட்சி புலவர் தணிகாசலத்துக்குக் கோபம் வந்தால் செந்தமிழ் போய்ச் சைதாப்பேட்டை வந்துவிடும். "இன்னாய்யா ஜீவரசம்? கூட ரெண்டு அப்பளம் வச்சா இலை போட்டுக் குந்திக்கலாம் போல கீதே!"

ராஜநாயகத்துக்குக் காது சுட்டது. மனசுக்குள் மாதாவை நினைத்துப் பிரியதத்த மந்திரம் ஜெபித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "பெரியவங்களே, ஹார்மோன்னே போட்டுட்டா என்ன? படிக்கிறவன் பிழைப்பானே," என்றார்.

கழக சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டு கட்சியும் ஒன்றுபட்டன.

"துரோகி!" என்றார் சுந்தரராமன்.

"தமிழ்த் துரோகி!" என்று திருத்தினார் தணிகாசலம்.

"யாரய்யா துரோகி?" என்று ராஜநாயகம் எழுந்தார். எழுந்தவர் அப்படியே சரிந்தார்.

உயிர் தப்பியது. பேச்சும் வலது கையும் போய்விட்டன. கழகம் கடமை தவறுமா? அடுத்த வாரமே இருவரும் சாத்துக்குடியோடு வந்து கட்டிலருகே அமர்ந்தார்கள். அவர் விழித்தபடி கேட்டுக்கொண்டு கிடந்தார்.

"பாவம், எல்லாம் ஜீவரசத்தால வந்த வினை," என்று சுந்தரராமன் பெருமூச்சு விட்டார்.

"தப்பு. இயக்குநீரால."

"ஜீவரசத்தால, ஓய்!"

"இயக்குநீரால, நைனா!"

அல்போன்சா வாசல் கதவை அகலத் திறந்தாள்.

"ரெண்டும் தப்பு," என்றாள். "உங்களால."