டோக்கன் அண்ணனுக்கு ஒரு பெட்டி

உலகத்தில் ஆள் எண்ணுவதற்கென்றே பிறந்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் மாத்திரைக் கம்பெனியின் டோக்கன் அண்ணன். நாட்டின் ஜனத்தொகைக் கணக்கை அவரிடம் விட்டிருந்தால், பாக்கி ஒரு ஆள் வந்து சேரும்வரை எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்திருப்பார்.

கோலார் தங்கவயலுக்கும் பங்காருபேட்டைக்கும் நடுவில் இருக்கிறது கம்பெனி. மருந்து அறைக்குள் போகிறவர்களுக்கு அங்கியும் தொப்பியும் மாட்டிவிடுவது அண்ணன் வேலை. அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை இன்னொன்று. அவர் அப்பா சுரங்கத்தில் இருந்தவர். அங்கே ஷாஃப்ட்டில் இறங்குகிறவர்கள் பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார்களாம். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார்களாம். டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். ஆண்டர்சன்பேட்டை பழைய இரும்புக் கடையில் ஒரு பை நிறைய டோக்கன் வாங்கி வந்து, அதே முறையை எங்கள் மருந்து அறை வாசலில் ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் முதலாளி டோக்கனை எடுக்க மறந்து காரில் கிளம்பிவிட்டார். அண்ணன் ஷிஃப்டை முடிக்க விடவில்லை. மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டு அண்ணனிடம் கொடுத்தார்.

"யப்பா, நான் பூதிகோட்டை தாண்டிட்டேன்ப்பா."

"குரல் வருது சார், ஆள் வரலியே!"

முதலாளி திரும்பி வந்து டோக்கனை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் புது மென்பொருள் வருவதாக முடிவானது. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை, யார் ஒப்புதல், எல்லாம் திரையிலேயே நகருமாம். அதற்கு முன்னால் இப்போது நடப்பதைப் படமாக வரைய வேண்டும். பெங்களூரிலிருந்து சுவாதி என்ற பெண் வந்தார். தரப் பிரிவிலிருந்து அவருக்குத் துணை நான். கேன்டீன் சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டி, ஒரு வேலைக்கு ஒரு பெட்டி, நடுவில் அம்புக்குறி என்று வரைந்து தள்ளினோம்.

"படத்துல பெட்டி இல்லாத வேலை இனிமே கிடையாது" என்றார் மேனேஜர். கதவுக்குக் கார்டு வந்துவிடும். தொப்பியை அவரவர் மாட்டிக்கொள்ளலாம். ஆக, அண்ணனுக்குப் பெட்டி இல்லை; ஓசூர் கிடங்குக்கு மாற்றல். வரைந்த கை என் கை. ஒரு வாரம் அண்ணன் முகத்தைப் பார்க்காமலே தொப்பி மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் படத்தைப் பார்க்க வந்தார். அரைமணி நேரம் விரலால் அம்புக்குறிகளைத் தடவிக்கொண்டே போனார்.

"இன்னா சார் இது? மாத்திரை வெளிய வர்ற வழி போட்டுக்கீறீங்க. ஆளுங்க வெளிய வர்ற வழி எங்க?"

"அண்ணா, அதுக்குத்தான் கார்டு. தட்டினா சிஸ்டமே எண்ணிக்கும்" என்றார் சுவாதி. எல்லோரும் சிரித்தோம். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

ஒத்திகை நாள். மேனேஜர் கார்டைத் தட்டினார். தட்டியவர் நம் ஊர் மரியாதையை விடுவாரா? கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்றார். சுவாதியும் நானும் அதே கதவில் நுழைந்தோம், எங்கள் கார்டு பையிலேயே இருக்க. அதற்கு முன்பே அண்ணன் வழக்கம்போல எங்களுக்குத் தொப்பி மாட்டிவிட்டு, எங்கள் டோக்கனையும் பலகையில் மாட்டியிருந்தார். மேனேஜர் சுற்றிப் பார்த்துவிட்டு, நாங்களும் பின்னாலேயே வருகிறோம் என்ற நினைப்பில் கார்டு தட்டி வெளியே போய்விட்டார். நாங்கள் கோடி மூலையில் திரையை எந்தப் பக்கம் வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

வெளியே மென்பொருள், உள்ளே ஆள் பூஜ்யம் என்று காட்டியது. அடுத்த பெட்டி, கதவைப் பூட்டிக் கிருமிநாசினிப் புகை போடுவது. அந்தப் புகை பட்டால் ஆஸ்பத்திரிதான். பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் எனக்கு நடித்தே காட்டினார்கள். புகை இயந்திரத்தின் சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாராம் அண்ணன்.

"ரெண்டு பேர் உள்ள கீறாங்க!"

"யோவ், சிஸ்டம் ஜீரோ காட்டுது. தள்ளு" என்றாராம் மேனேஜர்.

"சிஸ்டத்துக்கு இன்னா தெரியும்? அதுவா தொப்பி மாட்டி விட்டுச்சு? நான் மாட்டுனேன் சார்!"

கதவைத் திறந்தார்கள். உள்ளே நாங்கள் இன்னும் சண்டையில்தான் இருந்தோம். எங்களைப் பார்த்த மேனேஜர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் நிதானமாக டோக்கன்களை எடுத்து எங்கள் கையில் வைத்தார்.

சாயங்காலம் மேனேஜரே ஸ்கெட்ச் பேனாவோடு கேன்டீனுக்கு வந்தார். புகைக்கு முன்னால் சிவப்பில் ஒரு பெட்டி போட்டார். அண்ணன் சரி என்று சொல்லாமல் மென்பொருள் அதைத் தாண்ட முடியாது. ஓசூர் பேச்சு அன்றோடு போயிற்று.

சுவாதி தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணா, அப்பாவுக்கு மைன்ஸ்ல ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலம்மா. ரிட்டையர் ஆகற வரிக்கும் தினம் வூட்டுக்கு வந்தாரு. எண்ணிப் பாத்தாங்க, அதான் வந்தாரு."

போன மாதம் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டது. போகவில்லை. ரயில் நெரிசல், தண்ணீர், வாடகை என்று மனைவியிடம் ஏதேதோ காரணம் சொன்னேன். நான் வெளியே வந்துவிட்டேனா என்று பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்?