கருப்பசாமிக்குப் போன ஜப்பான் கத்தி

“இது என்னய்யா, இம்புட்டு நீளமா?”

காளவாசலில் வண்டிகளை மறித்துச் சோதனை போட்டுக்கொண்டிருந்த ஏட்டு, முத்துக்குமரனின் பைக்கில் கட்டியிருந்த மூட்டையை லத்தியால் தட்டினார். ‘டங்’ என்றது.

“பைப்பு சார். பாத்ரூமுக்கு.”

“பிளாஸ்டிக் பைப்பு டங்குன்னா சத்தம் போடும்? அவுறு.”

முத்துக்குமரன் அவிழ்த்தான். முதலில் பழைய கைலி வந்தது. அப்புறம் அட்டை. அதற்குள் குமிழ் குமிழாக ஒரு பிளாஸ்டிக் தாள். கடைசியில் கறுப்பு உறையும் சிவப்புக் கயிறு சுற்றிய பிடியுமாக ஒரு ஜப்பான் வாள், மாலை வெயிலில் முதன்முறையாக மதுரையைப் பார்த்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் விசிலடித்தார்.

முத்துக்குமரனுக்கு வேலை கப்பலூரில், ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியில். வளையங்களில் பழுதானவற்றைப் பிரித்துப் போட வேண்டும். கை அதைச் செய்துகொண்டிருக்கும். மனசு மட்டும் பனி கொட்டும் ஏதோ ஒரு முற்றத்தில் நிற்கும். அங்கே எதிரும் புதிருமாக இரண்டு வாள்வீரர்கள் பத்து நிமிடமாக அசையாமல் நிற்பார்கள். எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் சரி, அதில் வாள்சண்டை இருந்தால் போதும், பார்த்துவிடுவான். கீழே எழுத்து ஓடாவிட்டாலும் கவலையில்லை. வாள் பேசும்போது வசனம் எதற்கு?

பன்னிரண்டு வயசிலிருந்து அவனுக்கு ஒரே ஆசைதான். அப்படி ஒரு வாளை ஒரு தடவையாவது கையில் பிடித்து வீச வேண்டும். இந்த வாளுக்குக் கூர் கிடையாது. வெண்டைக்காயைக்கூட நசுக்கத்தான் செய்யும். ஆனால் உறையிலிருந்து உருவினால் படத்தில் கேட்கிற அதே சத்தம் வரும். வீட்டுக்குத் தெரியாமல் கம்பெனி முகவரிக்கு வரவழைத்திருந்தான். பரணில் ஒளித்துவைத்து, மனைவி கடைக்குப் போகிற நேரம் மொட்டை மாடியில் பத்து வீச்சு வீசிவிட்டு வைத்துவிடுவதாகத் திட்டம்.

“மொட்டைக் கத்தி சார். சும்மா...”

“சும்மான்னா?”

படம் பார்க்கப் பிடிக்கும், அதனால் வாங்கினேன் என்று சொன்னால் இந்த மனிதர் நம்புவாரா? முத்துக்குமரன் அவர் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. வாய் தானாகத் திறந்தது.

“சாமிக்கு சார். கருப்பசாமிக்கு. நேர்த்திக்கடன்.”

ஏட்டு சட்டென்று இரண்டடி பின்னால் போனார். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“முன்னாடியே சொல்றதில்லையா? கம்ப வச்சுத் தட்டிப்புட்டேனேப்பா!” என்றவர், போலீஸ் புத்தி திரும்பி வந்து, “எந்த ஊருக் கருப்பு?” என்றார்.

“செக்கானூரணிக்கு அங்கிட்டு சார். எங்க மாமனார் ஊரு.”

“வீட்டம்மா நம்பரச் சொல்லு.”

சொன்னான். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏம்மா, உன் வீட்டுக்காரர் சாமிக்குக் கத்தி வாங்கிட்டு வாராராம். நெசந்தானா?”

போன தீபாவளிக்கு முன்னால் இவன் மாப் கட்டையைச் சுழற்றி ஹால் டியூப்லைட்டை உடைத்த அன்று, “இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு குச்சியத் தூக்கினீங்க, நான் எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன்” என்று சொன்னவள் அஸ்வினி.

“ஆமா சார்,” என்றாள் அஸ்வினி. “நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன்.”

ஏட்டு மனம் குளிர்ந்து போனார். “கெடா வெட்டு உண்டுல்ல? தேதியச் சொல்லும்மா, நானும் வாரேன். தட்டுனதுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கிறணும்.”

வீட்டு வாசலிலேயே அஸ்வினி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“ரோட்டுல மானம் போகக் கூடாதுன்னு ஆமான்னு சொன்னேன். இப்பச் சொல்லுங்க. என்ன நேர்த்தி?”

முத்துக்குமரனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சமையலறை வரைக்கும் போனான், திரும்பி வந்தான். செருப்பைக் கழற்றினான், மாட்டினான். கண்ணில் அலமாரி மேலிருந்த தைல டப்பா பட்டது. மாமனார் ஜெயபாண்டி போன வாரம் வந்தபோது மறந்து வைத்துவிட்டுப் போனது. அவருக்கு வலது தோள்பட்டையில் தீராத வலி. ‘வயக்காட்ட வித்தே பத்து வருசமாகுதுங்கிறீங்க, பின்ன எப்படிங்க இந்த வலி?’ என்று டாக்டரே குழம்பியிருந்தார்.

“உங்கப்பாவோட தோள்பட்ட வலிக்கு,” என்றான். “சரியானா கருப்பனுக்குக் கத்தி வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்.”

அஸ்வினியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. கண் கலங்கிவிட்டது. இதை அவன் எதிர்பார்க்கவில்லை. அடுத்த நிமிடம் அவள் செக்கானூரணிக்குப் போன் போட்டதையும் எதிர்பார்க்கவில்லை.

“மகனப் பெத்திருந்தாக்கூட இப்படிச் செய்வானா!” என்று மாமியார் தங்கப்பொண்ணு போனிலேயே மூக்கைச் சிந்தினாள். அப்புறம் ஜெயபாண்டி வாங்கினார். முத்துக்குமரன் டிவியில் வாள்சண்டைப் படம் பார்த்துக்கொண்டிருந்தால், “வேல வெட்டி இல்லாத பயலுக, பறந்து பறந்து வெட்டுறானுக” என்று ரிமோட்டைப் பிடுங்கிச் செய்தி வைக்கிற மனிதர் அவர்.

“மாப்ள, என்ன கத்தி?”

“நீளக்கத்தி மாமா.”

“எம்புட்டு நீளம்?”

“மூணடிக்குக் கொஞ்சம் மேல.”

“வளைவா, நேரா?”

“லேசா வளைவு மாமா.”

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது. “நாளைக்கே வாரேன்.”

சொன்னபடி மறுநாள் தங்கப்பொண்ணுவையும் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். முத்துக்குமரன் யோசித்துவைத்திருந்த முதல் யோசனையை எடுத்துவிட்டான்.

“மாமா, கருப்பனுக்கு அருவாதான முறை? பேசாம நல்ல அருவாளா ஒண்ணு அடிக்கச் சொல்லிக் குடுத்துருவோம். இது நம்ம நாட்டுக் கத்தியே இல்ல.”

“போலீஸ்காரர் முன்னாடி சாமிக்குன்னு வாய்விட்டுச் சொன்ன பொருளு மாப்ள. அத மாத்துனா குடும்பத்துக்கு ஆகாது. அருவாளும் வைங்க, இதையும் வைங்க.”

ஆக, செலவு ஒன்று கூடியது.

“பிடிக்குப் பக்கத்துல ஒரு கீறல் இருக்கு மாமா. பழுதான பொருள சாமிக்குக் குடுக்கலாமா?”

“குடுங்க பாப்போம்.”

ஜெயபாண்டி வாளை வாங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறுகண்ணால் பிடியிலிருந்து நுனிவரை அதன் ஓரமாகவே பார்வையை ஓட்டினார். இரண்டு கையாலும் பிடித்து எடை பார்த்தார். பிறகு குனிந்துகூடப் பார்க்காமல் ஒரே இழுப்பில் உறைக்குள் செருகினார். ‘க்ளிக்’ என்றது. ஆயிரம் வீச்சு வீசிய கை அது என்று முத்துக்குமரனுக்குத் தோன்றியது. அருவா பிடித்த கையாயிற்றே, எதையும் பிடிக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

“ஒரு கீறலும் இல்ல.”

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. “ஆனா மாமா, வேண்டுனது பலிச்சாத்தான நேர்த்தி செலுத்தணும்? உங்க தோளு இன்னும் சரியாகலையே. சரியாகட்டும், நிதானமாச் செய்வோம். வாளு அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

மூன்று பேரும் ஜெயபாண்டியைப் பார்த்தார்கள். ஜெயபாண்டி வாளைப் பார்த்தார். மெல்ல எழுந்து நின்றார். வலது கையை விறுட்டென்று தலைக்கு மேலே தூக்கினார். நெற்றியில் வேர்வை பொடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

“சுத்தமா இல்ல மாப்ள. நேத்து நீங்க சொன்ன நிமிசமே போயிருச்சு.”

“கருப்பா!” என்று தங்கப்பொண்ணு போட்ட குலவையில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சாமி கேட்ட உடனே கொடுத்துவிட்டதால் ஒரு கிடாய் இரண்டு கிடாயானது. செய்தி கேட்டு முதுகுவலிக்காரர்கள் நாலு பேர் போன் செய்து, முத்துக்குமரன் தங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வாரா என்று விசாரித்தார்கள்.

ஜெயபாண்டி வருகிற வெள்ளிக்கிழமைக்கே நாள் குறித்தார்.

“ஞாயித்துக்கெழம வச்சுக்கலாமா மாமா? எனக்கும் லீவு,” என்றான் அவன், இரண்டு நாளாவது கூடக் கிடைக்குமே என்று.

“வெள்ளிக்கெழமதான். ஞாயிறு எனக்குக் கோயில்ல சோலி கெடக்கு.”

அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்று வருசமாக ஞாயிறு தவறாமல் விடிந்ததும் விடியாததுமாகப் போய்க் கோயிலைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, சட்டை தொப்பலாக நனைந்து வீடு திரும்புவார். “அந்த மனுசன் மாதிரி கோயில் வேல பாக்க ஆளு கெடையாது” என்று தங்கப்பொண்ணு ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வரை முத்துக்குமரன் ஒரு இடத்தில் இருக்கவில்லை. கம்பெனியில் பழுதான வளையங்களை எல்லாம் நல்லது என்று அனுப்பி, மானேஜரிடம் திட்டு வாங்கினான். கண்ணை மூடினால் கோயிலில் நட்டு வைத்திருக்கும் அருவாள்கள் வரிசையாக வந்தன. வெயிலும் மழையும் தின்று, செம்மண் நிறத்தில் துருவேறியவை. அந்த வரிசையில் சிவப்புக் கயிறு சுற்றிய பிடி ஒன்று, நிறம் வெளுத்து, காக்கா எச்சத்தோடு நின்றது.

வியாழக்கிழமை சாயங்காலம், ஒரே ஒரு வீச்சாவது வீசிவிடுவோம் என்று வாளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனான். பாதி உருவியிருப்பான்.

“சாமி பொருள வச்சு வெளையாடுறீங்களா?” பின்னால் அஸ்வினி, கையில் மஞ்சள் கிண்ணத்தோடு. பிடிக்கும் உறைக்கும் மஞ்சள் தடவி, பூச்சுற்றி, பூஜை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கோயில், கண்மாய்க் கரையில் ஒரு பெரிய புளியமரத்தடியில் இருந்தது. ஏட்டு பட்டு வேட்டியில் குடும்பத்தோடு முதல் பந்திக்கே வந்துவிட்டார். முத்துக்குமரன் கூட்டத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மரத்தைப் பார்த்தான். அடிமரத்தில் நெஞ்சு உயரத்துக்குப் பட்டை உரிந்து கிடந்தது. ஆடு உரசியிருக்கும் என்று நினைத்தான். எத்தனை பெரிய ஆடு என்று நினைக்கத் தோன்றவில்லை.

பூசாரி விருமாண்டி வாளை வாங்கிக் கருப்பன் காலடியில் கிடத்திச் சூடம் காட்டினார். முத்துக்குமரனுக்குத் தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது. ஒரு வீச்சு. ஒரே ஒரு வீச்சுகூட வீசவில்லை.

“என்ன பக்தி பாத்தியா!” என்றாள் ஒரு கிழவி. ஏட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் இலையில் உட்கார்ந்ததும், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவன் திரும்பி வந்தான். புதிதாக அடித்த அருவா மண்ணில் நின்றது. பக்கத்தில் வாளைக் காணோம். கோயிலுக்குப் பின்னால், பண்ட பாத்திரம் வைக்கும் தகரக் கொட்டகையில், விருமாண்டி அதைத் தரையில் கிடத்தி மஞ்சளை வழித்துத் துடைத்துவிட்டு எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இத நடலையாண்ணே?”

“மழ தண்ணியில துருப்புடிச்சுப் போகும்ல?”

“அப்ப அந்த அருவாளெல்லாம்?”

“அது அருவா.”

விருமாண்டி கொட்டகை வாசல் வழியாகப் பந்தியை எட்டிப் பார்த்தார். அங்கே ஜெயபாண்டி, வலது கையைத் தூக்க முடியாமல், இலைக்கு மேலே குனிந்து வாயைக் கொண்டுபோய் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். பூசாரி குரலைத் தாழ்த்தினார்.

“உங்க மாமனார் கத்திக்குப் பக்கத்துலயே வைக்கிறேன் மாப்ள. ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கெல்லாம் வந்துருங்க. பாவம், மனுசன் சண்டைக்கு ஆளு இல்லாம மூணு வருசமா அந்தப் புளியமரத்தோடதான் மல்லுக்கட்டுறாரு.”