ஐந்தாவது ஆளும் கார்னர் கிக்கும்

திருத்தங்கல்,
2.8.2006, புதன்கிழமை.

செவ்வானம் கால்பந்துக் கழகத்தின் செயலாளரும், என் தங்கை வள்ளித்தாயின் கணவருமாகிய மரியாதைக்குரிய மாப்பிள்ளை தனுஷ்கோடி அவர்களுக்கு, மச்சான் செல்லச்சாமி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் பேச்சியம்மாளும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நேற்று ரேஷன் கடை வரிசையில் எனக்கு நாலு ஆள் முன்னால், மண்ணெண்ணெய் டின்னோடு, சுகமாகத்தான் நின்றீர்கள். நான் இரண்டு தடவை செருமினேன். நீங்கள் திரும்பாமல் விலைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். அப்படி அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு அப்புறம் நானும் நின்று படித்தேன். பாமாயில் இல்லை என்று எழுதியிருந்தது. அதைப் படிக்கவா அவ்வளவு நேரம்?

மூன்று தெரு தள்ளியிருக்கிற வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறவனைப் பார்த்து என் வீட்டுக்காரி பேச்சியம்மாளே சிரிக்கிறாள். வேறு என்ன செய்ய? செல்லில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நேரில் வந்தால் "அவுக குளிச்சிக்கிட்டு இருக்காகண்ணே" என்று வள்ளித்தாய் வாசலிலேயே சொல்லிவிடுகிறாள். திங்கட்கிழமை காலையில் வந்தேன், குளியல். மத்தியானம் வந்தேன், குளியல். சாயங்காலமும் குளியல். வாரத்துக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற தெருவில் இருந்துகொண்டு ஒரு மனுஷன் மூன்று வேளை குளிக்கிறார் என்றால் அதை நான் நம்ப வேண்டுமாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் மைதானத்தில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்காரர்கள் அணியிடம் இரண்டுக்கு ஒன்று என்று நாம் தோற்ற பிறகு, வேன் பக்கத்தில் வைத்து, அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னீர்கள்? "மச்சான், இனிமே நீங்க கிரவுண்டுப் பக்கமே வரப்படாது. வந்தீகன்னா நான் டீமையே எறக்க மாட்டேன்." ஒன்பது வருஷமாக இந்த அணி ஆடிய ஒரு ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. மழையில் பார்த்திருக்கிறேன், காய்ச்சலோடு பார்த்திருக்கிறேன், சொந்த மச்சினி கல்யாணத்தில் தாலி கட்டியதும் சாப்பிடாமல் ஓடி வந்து பார்த்திருக்கிறேன். வருகிற ஞாயிறு ஆலங்குளம் அணியோடு ஆட்டம். ஜெயித்தால் பைனல், தோற்றால் அடுத்த வருஷம்தான். அந்த ஆட்டத்துக்கு நான் வரக்கூடாது என்றால், அன்றைக்கு நான் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது, வெங்காயம் உரிப்பதா?

தோற்றதற்குக் காரணம் நான் கத்தினேன் என்பது உங்கள் கட்சி. காரணம் நீங்கள் ஆள் எடுத்த லட்சணம் என்பது என் கட்சி. இந்த வருஷம் உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கேளுங்கள்.

அணி கட்டுவது என்பது தீபாவளிக்குக் கிப்ட் பாக்ஸ் போடுகிற மாதிரி. இருபத்திரண்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறேன், அதில் பதினாலு வருஷம் போர்மேன், எனக்குத் தெரியாதா? பெட்டியில் ராக்கெட் வேண்டும், சரி. தரையில் நின்று சுற்றச் சக்கரம் வேண்டும். நின்ற இடத்தில் நிதானமாகப் பூக்கப் புஸ்வாணம் வேண்டும். பிள்ளைகள் கையில் பிடிக்கக் கம்பி மத்தாப்பு வேண்டும். நீங்கள் கட்டியிருப்பது கிப்ட் பாக்ஸே இல்லை, பதினொரு ராக்கெட்டை ஒன்றாகக் கட்டின பண்டல். விசில் ஊதியதும் அத்தனையும் எதிரி கோல் பக்கம் பறந்து போய் விழுகிறது. திரும்பி வர ஒருத்தனும் இல்லை. ராக்கெட் எப்போது திரும்பி வந்திருக்கிறது?

சரி, பறக்கிறவன்தான் பறக்கிறான், கோலியாவது இருந்த இடத்தில் இருக்க வேண்டாமா? நம் கம்பெனி வாட்ச்மேன் ஊர்க்காவலனை எதற்குக் கோலியாகப் போட்டீர்கள் என்று நான் ஜூன் மாதமே கேட்டேன். "கேட்டைக் காக்கிறவருதான மச்சான், கோலைக் காக்க மாட்டாரா?" என்றீர்கள். அவர் கேட்டில் என்ன செய்கிறார் என்று ஒரு நாளாவது நின்று பார்த்தீர்களா? உள்ளே வருகிறவன் மடியில் தீப்பெட்டி இருக்கிறதா, பீடி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், அது வாஸ்தவம். ஆனால் வேகமாக ஒரு லோடு லாரி வந்தால் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்று கையை ஆட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பத்தாவது நிமிஷத்தில் பந்து வேகமாக வந்ததா, மனுஷன் ஓரமாக ஒதுங்கி நின்று கையை ஆட்டினார். பந்து மரியாதையாக உள்ளே போயிற்று. முதல் கோல். போய்க் கேட்டேன், "என்ன ஊர்க்காவலன் இது?" அவர் சொல்கிறார், "அம்புட்டு வேகமா வந்தா என்னண்ணே செய்யச் சொல்றீக?"

பின்னால் நிற்க முத்துப்பாண்டி. தங்கமான பையன், வெடிமருந்து கலக்குகிறவன், அவன் கலந்த மருந்தில் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. அதுதான் வினையே. செருப்பில்லாமல் ரப்பர் பாயில் நட, காலைத் தரையில் உரசாதே, எதையும் இழுக்காதே, உருட்டாதே, உதைக்காதே, மேலிருந்து போடாதே என்று பத்து வருஷமாக நான்தான் அவன் காதில் ஓதியிருக்கிறேன். ஓதினதெல்லாம் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. பந்து அவனிடம் வந்தால் காலால் மெல்ல வாங்கி, பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அலுங்காமல் தரையில் வைக்கிறான். வைத்து முடிப்பதற்குள் எவனோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். சறுக்கி விழுந்து பந்தைத் தட்டு என்றால், "உரசும்ணே" என்கிறான். புல் தரையில் என்னடா உரசும்?

முன்னால் ஆட முனியராஜ், லோடுமேன். எட்டடி உயர லாரியில் பெட்டி அடுக்கின கை. வெளியே போன பந்தைக் கையால் எறிவதில் இந்த மாவட்டத்திலேயே அவனுக்கு ஜோடி கிடையாது. இங்கிருந்து எறிந்தால் நேரே எதிரி கோலுக்குள்தான் போகிறது. ஆனால் கையால் எறிந்தது நேராகக் கோலுக்குள் போனால் அது கோல் இல்லை என்று உலகம் பூராவும் சட்டம். அதை அவனுக்குச் சொன்னால் ரெப்ரி காசு வாங்கிவிட்டார் என்கிறான்.

பத்தாம் நம்பர் பனியன் ஹரிஷ்குமாருக்கு. ஏன்? பதினொரு பேருக்கும் பனியன் எடுத்துக் கொடுத்தது அவன் அப்பா. அணியிலேயே ஷூ போட்டு ஆடுகிற ஒரே ஆள் அவன்தான். அந்த ஷூவுக்குக் கயிறு கட்டுவதுதான் அவனுக்கு முழுநேர வேலை. நமக்கு விழுந்த அந்த ஒரே கோல் எப்படி விழுந்தது? அவன் கயிறு கட்டக் குனிந்திருந்தான், முனியராஜ் அடித்த பந்து அவன் முதுகில் பட்டுத் திரும்பிக் கோலுக்குள் போயிற்று. யார் தலையில் பட்டது என்று தெரியாமல் அவனே எழுந்து தேடினான். அதற்கு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினீர்கள். நானும் ஆடினேன் என்பது வேறு விஷயம்.

இப்போது நீங்கள் என் மேல் போடுகிற பழி. ஒன்றுக்கு ஒன்று சமமாக இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். பிரஸ்காரர்களுக்குக் கார்னர் கிக் கிடைத்தது. நம் ஆட்கள் ஏழு பேர் கோலுக்கு முன்னால் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். அவன் பந்தை வைத்து அடிக்கப் போகிற நேரத்தில், கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல், "ஏலே, நாலு பேருக்கு மேல யாருலே அங்கன? ஐஞ்சாவது ஆள்லருந்து எல்லாம் வெளிய வா!" என்று வந்ததாம். முத்துப்பாண்டியும் இன்னும் இரண்டு பேரும், கம்பெனியில் வருகிற மாதிரியே, கையில் ஒன்றும் இல்லை என்று விரித்துக் காட்டியபடி வரிசையாக வெளியே நடந்து வந்துவிட்டார்களாம். அந்த இடைவெளியில் பிரஸ்காரன் ஒருத்தன் சாவகாசமாகப் பந்தை உள்ளே தட்டினானாம்.

நடந்தது வாஸ்தவம். இல்லை என்று சொல்லவில்லை. நம் கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும், மேற்கொண்டு ஒரு ஆள் இருந்தால் போர்மேன் சத்தம் போட்டு வெளியே கூப்பிடுவான், எல்லாம் உண்மை. அதற்காக அந்தக் குரல் என் குரல்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? மைதானத்தில் ஐநூறு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் வாய் இருந்தது. இதைப் பிரஸ்காரர்களே செய்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். எந்தச் சாமி படத்தைக் கொடுத்தாலும் அச்சு அசலாக நகல் எடுக்கிற கூட்டம், ஒரு போர்மேன் குரலை நகல் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆகையால் பேச்சை வளர்க்காமல் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளை மாற்றுங்கள். கோலிக்கு நம் டவுன் பஸ் கண்டக்டரைக் கேளுங்கள், கூட்ட நேரத்தில் அவர் படியில் காலை அகட்டி நின்றால் ஒரு ஈ உள்ளே போக முடியாது. பின்னால் நிற்க, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடிக்கிற நம் தெரு அண்ணன் தம்பி இருவர், அவர்களை இடித்து எழுப்ப இதுவரை யாராலும் முடிந்ததில்லை. முனியராஜை எறிவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஹரிஷ்குமாருக்குக் கயிறில்லாத ஷூ வாங்கிக் கொடுங்கள். முத்துப்பாண்டியைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு சொட்டுச் சிந்தாமல் கொடுப்பான். பதினொரு பேர் பட்டியலைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இதன்படி செய்தால் பைனல் நமக்கு. செய்யாவிட்டால் உங்கள் செயலாளர் பதவியை நீங்களே ராஜினாமா செய்வது கௌரவம்.

வள்ளித்தாய் காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் எந்த மூஞ்சியப் பாத்துப் பேசுறது? ஆடி மாசம் அண்ணன் வீட்டுக்கு வந்து நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியுதா?" என்று அழுகிறாள். நான் என்ன சொல்வது, குளித்து முடித்ததும் உன் வீட்டுக்காரரைக் கேள் என்று சொல்லிவிட்டேன்.

நீங்களும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல், நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். மூத்தவனுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், கோபத்தில் அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
மச்சான்
கு. செல்லச்சாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் பேச்சியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "கத்துனது நீங்கதான, அதை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீக?" என்றாள்.

நான்தான் மாப்பிள்ளை. நான்தான் கத்தினேன்.

எண்பத்தெட்டில், வேறொரு கம்பெனியில், ஆர்டர் அவசரம் என்று ஒரே ரூமில் எட்டுப் பேரை உட்கார வைத்தார்கள். பேப்பர் குழாய் எடுத்து வர ஒருத்தன் வெளியே போனான். அது நான். திரும்பி வந்தபோது ரூம் இல்லை. ஏழு பேர். இதை வள்ளித்தாயிடம்கூட நான் சொன்னதில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். அன்றைக்குக் கோலுக்கு முன்னால் அந்தச் சின்ன இடத்தில் நம் பையன்கள் ஏழு பேர் நெருக்கி நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பந்து தெரியவில்லை, மைதானம் தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. ஏன், எதற்கு என்று கேட்காமல் மூன்று பேர் வெளியே நடந்து வந்தார்களே, அதைப் பார்த்ததும் எனக்கு அப்படியொரு நிம்மதி. கோல் விழுந்ததே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அதனால் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். போன வாரம் ஆடின அதே பதினொரு பேரும் ஆடட்டும். முத்துப்பாண்டியை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள், அவனைப் போல ஒரு பையன் கிடைக்க மாட்டான்.

என்னை ஒரு ஓரத்தில், வள்ளித்தாய் பக்கத்தில், நிற்க விடுங்கள். கார்னர் கிக் வந்தால் நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்கிறேன், வாயில் துண்டை வைத்து அமுக்கிக்கொள்கிறேன். அடித்து முடித்து, ஏழு பேரும் கலைந்து போன பிறகு, வள்ளித்தாயை என் தோளில் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். அப்புறம் திரும்பிப் பார்க்கிறேன்.