காரணம் என்றொரு கட்டம்

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியே தீருவது என்று நான் கிளம்பியதற்கு உடல்நலம் காரணமில்லை. பரண்தான் காரணம்.

எங்கள் வீட்டுப் பரணில் பதினாலு வருஷக் குப்பை. "என்னைக்குங்க ஒழிக்கப் போறீங்க?" என்பதுதான் என் மனைவியின் காலை வணக்கம். பொறுக்க முடியாமல் போன மாதம் சவால் விட்டேன். மாரத்தானை முடித்தால், ஆயுசுக்கும் பரண் பேச்சே கூடாது. பாதியில் விட்டால், அன்றைக்கே ஒழிக்கிறேன்.

"ஒருவேளை அடிகிடி பட்டா?" என்றேன், போகிற போக்கில் கேட்பதுபோல்.

"அடிபட்டா பாவம், நிக்கிற வேலை, நடக்கிற வேலை எதுவும் சொல்ல மாட்டேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

என்னில் ஓடக்கூடிய ஒரே உறுப்பு மூளைதான். அது அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது.

நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். சீட்டு இல்லாமல் ஓர் ஆணியைக்கூட வெளியே விட்டதில்லை. வீட்டிலும் அதே ஒழுங்கு. மாதச் சாமானுக்குக் கட்டம் போட்ட சீட்டு: பொருள், அளவு, காரணம், என் கையெழுத்து, அவள் ஒப்புதல். நகல் அவளிடம். "உப்புக்கு என்னங்க காரணம் எழுதறது?" என்று தலையில் அடித்துக்கொண்டே, படிக்காமல் கையெழுத்துப் போடுவாள். ஒழுங்கின் அருமை அவளுக்கு எங்கே தெரியப்போகிறது!

ஞாயிற்றுக்கிழமை. ஐந்தாவது கிலோமீட்டர். பேக்கரி வாசல். திட்டமிட்டபடி என் முழங்கால் பிசகியது. உள்ளே போய் இரண்டு பன், ஒரு காபி. பிறகு இடுப்புப் பையிலிருந்த கிரேப் பேண்டேஜை எடுத்துச் சுற்றிக்கொண்டு, டாக்ஸியில் வீடு.

"ஐயையோ, என்னங்க ஆச்சு?"

"முப்பதாவது கிலோமீட்டர்ல பிசகிடுச்சும்மா."

"மணி ஏழரைதானே ஆகுது?"

"வேகமா ஓடிட்டேன். அதான் பிசகிடுச்சு."

"அடப்பாவமே!" என்றவள் உள்ளே திரும்பி, "டேய், மாமா வந்துட்டாருடா!" என்றாள்.

அவள் தம்பி வந்தான். பீரோவைத் தனியாளாகத் தூக்குகிறவன். என்னை அலுங்காமல் அள்ளிக்கொண்டான்.

"மெதுவா, மாப்ளே. நேரா கட்டிலுக்கு."

"பரணுக்குடா," என்றாள் அவள்.

"ஏய்! சத்தியம் பண்ணியே!"

"மீறுவேனா? நிக்கிற வேலையும் நடக்கிற வேலையும் சொல்ல மாட்டேன்னுதானே சொன்னேன்? பரண் உயரமே மூணடி. அதுல எங்கங்க நிக்கிறது, நடக்கிறது? உக்காந்தே ஒழிங்க."

அவன் என்னை மேலே உட்காரவைத்து இறங்கியதும் ஏணியையும் எடுத்துவிட்டாள். காலுக்கு ஆகாதாம்.

முதல் அட்டைப்பெட்டியைத் திறந்தேன். ஒன்பது தும்மல். உள்ளே, போன தடவை உடம்பு இளைக்க நான் வாங்கிய டம்பெல், பிரிக்காமலே இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நெஜமாவே வலிக்குதும்மா! நான் சொன்னா நம்ப மாட்டியா?"

"நம்பாம என்னங்க? எனக்கு மூணு வாரமாவே தெரியுமே."

ஒட்டடைக் கம்பு நுனியில் ஒரு தாள் மேலே வந்தது. போன மாதச் சீட்டின் நகல். என் முத்து முத்தான கையெழுத்து.

பொருள்: கிரேப் பேண்டேஜ். அளவு: ஒன்று. காரணம்: மாரத்தானில் ஐந்தாவது கிலோமீட்டரில் ஏற்படவிருக்கும் காயம்.

ஒப்புதல் கட்டத்தில் அவள் கையெழுத்து. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'தம்பியை வரச்சொல்லணும்.'