மடை வளைவில் டாப் கியர்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் என் வாழ்நாளில் ஒரே ஒரு வளைவில்தான் திரும்பியிருக்கிறேன். திரும்பினேன் என்று சொல்வதுகூடப் பொய். வளைவு அதன் பாட்டுக்குத் திரும்பியது. நான் என் பாட்டுக்கு நேராகப் போய்விட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. பி.எஸ்சி. பௌதிகம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன் (சும்மா இருப்பவனுக்குத்தான் எல்லாத் தொழில்நுட்பத்திலும் கருத்து இருக்கும்). பொழுது போகாமல் பசுமலையில் முத்துராசு அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் எப்போதோ ஒரு தடவை மெட்ராஸ் பக்கம் போய் மோட்டார் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து பஞ்சர் ஒட்டும்போதுகூட அந்தப் பேச்சுத்தான்.

"வளைவு வருதுன்னா, வண்டி நேரா இருக்கும்போதே பிரேக்கை அமுக்கணும். வேகம் குறையக் குறைய ஒவ்வொரு கியரா இறக்கணும். ஒவ்வொரு தடவையும் கிளட்சைப் பிடிச்சு, ஆக்சிலேட்டரை லேசா ஒரு முறுக்கு முறுக்கி, கியரைப் போட்டு, கிளட்சை விடணும். வளைவுக்குள்ள நுழையும்போது அம்புட்டு வேலையும் முடிஞ்சிருக்கணும். புரிஞ்சதா?"

"புரிஞ்சதுண்ணே" என்றேன்.

எங்கே புரிந்தது? பிரேக் பிடிக்கிற நேரத்தில் எதற்கு ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டும்? நாம் நிற்கப் போகிறோமா, ஓடப் போகிறோமா? கேட்டால், "எஞ்சினும் சக்கரமும் ஒரே வேகத்துக்கு வரணும்டா, நீயெல்லாம் என்ன பௌதிகம் படிச்ச?" என்றார். அதற்கு மேல் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்து பழகினேன். அதில் வலது காலில் பிரேக், இடது காலில் கியர். கீழே மிதித்தால் கியர் குறையும். வீட்டுக்கு வந்து கட்டிலிலும் பழகினேன். வலது கால் அழுத்தும், இடது கால் தட்டும், வலது மணிக்கட்டு முறுக்கும், வாய் "ட்ரூம் ட்ரூம்" என்னும். அம்மா ரெண்டு நாள் பார்த்துவிட்டு, "பயலுக்கு என்னமோ கோளாறு. மந்திரிச்சுட்டு வருவமா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்க அலைய வேண்டும் என்று மாப்பிள்ளை தன் மோட்டார் சைக்கிளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அவர் கண்ணைப் போல வைத்திருந்த வண்டி அது. வேறு கம்பெனி வண்டி என்பதால் எல்லாமே தலைகீழ். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கியரைக் குறைக்க வேண்டுமென்றால் காலால் மேலே தூக்க வேண்டும், கீழே மிதித்தால் கூடும். மெதுவாக, யோசித்து யோசித்து ஓட்டினால் எனக்கு ஒன்றும் சிரமமில்லை. யோசிக்க நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் பெரியப்பா டி. கல்லுப்பட்டியில் இருந்தார். அந்த வீட்டுக்கே பெரிய தலை. சம்பந்தி வீட்டிலிருந்து தனக்குத் தனியாக, முறைப்படி பத்திரிகை வர வேண்டும் என்பவர். ஏற்கெனவே ரெண்டு கல்யாணத்துக்கு, 'பத்திரிகையை ஒரு கையால் கொடுத்தான்', 'வெயிலில் நிற்க வைத்துக் கொடுத்தான்' என்று சொல்லிப் போகாமல் இருந்திருக்கிறார். அவர் போகாததால் சொந்தக்காரர்கள் ஒருத்தரும் போகவில்லை. அப்பா முதுகுப் பிடிப்பில் படுத்திருந்ததால் என்னை அனுப்பினார்.

"அவரு பத்திரிகைய வாங்கலேன்னா அந்த வீட்டுல ஒருத்தரும் பந்தல்ல கால் வைக்க மாட்டாக. உங்கக்கா வாழ்க்கை உன் கையில இருக்கு. இன்னிக்குப் புதன்கிழமை, பன்னெண்டுக்கு ராகுகாலம். அதுக்குள்ள குடுத்துரு. குனிஞ்சு குடு" என்றார். அக்கா வாசல்வரை வந்து நின்றாள். அது எனக்குப் பயமாக இருந்தது.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரியப்பா வீட்டில் இல்லை. "அவுக கண்மாயில இருக்காக தம்பி. மோட்டார் பந்தயமாம், அவுகதேன் தலைமை" என்றார் அவர் வீட்டம்மா.

வறண்ட கண்மாயில் சுண்ணாம்புக் கோடு போட்டு முட்டை வடிவத்தில் பாதை அமைத்திருந்தார்கள். மடைக்குப் பக்கத்தில் வெடுக்கென்று ஒரு வளைவு. அந்த வளைவுக்கு நேர் எதிரே சிறு பந்தல், வைக்கோல் கட்டுகள், நடு நாற்காலியில் பெரியப்பா. (பந்தலை வளைவுக்கு நேர் எதிரே போட்டவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.)

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு போய், "மாமா, பத்திரிகை..." என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார்.

"இது நம்ம பய வண்டில்ல? நீ நல்லா ஓட்டுவியா தம்பி?"

இல்லை மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பந்தயத்துல வளைவு எப்படி எடுக்கணும்னு படிச்சிருக்கேன் மாமா" என்றேன்.

"ஆறு வண்டி ஓடணும், அஞ்சுதேன் வந்திருக்கு. நம்ம வீட்டுச் சார்பா நீ ஓட்டு. ஒரு சுத்துதேன். முடிச்சுட்டு வந்து குடு, வாங்கிக்கிறேன்."

மறுத்தால் கோபித்துக்கொள்வார். ஓட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தாம்பாளத்தை மேசையில் வைத்துவிட்டு, பத்திரிகை காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று அதை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

கொடி அசைந்தது. மூன்றாவது கியர்வரை நான் நன்றாகத்தான் இருந்தேன். வளைவு தெரிந்ததும் முத்துராசு அண்ணன் சொன்ன வாக்கியங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. முதலில் பிரேக். வலது காலால் ஓங்கி மிதித்தேன். அது கியர். வண்டி டாப் கியருக்குப் போனது. பிரேக் பிடித்தும் ஏன் நிற்கவில்லை என்று குழம்பி, சரி, அடுத்தது முறுக்கு என்று கிளட்சைப் பிடித்து முறுக்கினேன். எஞ்சின் அலறியது.

"ஆறாம் நம்பர் வண்டி! என்னா ஒரு முறுக்கு பாருங்க பொதுமக்களே!" என்றது ஒலிபெருக்கி. ஜனங்கள் விசில் அடித்தார்கள். அந்த விசிலில் எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்தது கியரை இறக்குவது. இடது காலால் மிதித்தேன். அது பிரேக். பின்சக்கரம் கட்டிப்போட்டது போல நின்றுவிட்டது. பிரேக் பிடித்தால் ஓடுகிறது, கியர் போட்டால் நிற்கிறது, இது என்ன வண்டி என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி ஒரு பக்கம் வைக்கோலுக்குள் போய்விட்டது. நான் இன்னொரு பக்கம், நெஞ்சைத் தரையில் வைத்து, ரெண்டு கையையும் முன்னால் நீட்டி, கண்மாய்ப் புழுதியில் சறுக்கிக்கொண்டே போய் நின்றேன்.

கண்ணைத் திறந்தால் மூக்குக்கு முன்னால் இரண்டு டயர் செருப்புகள். பெரியப்பாவின் பாதங்கள். எனக்கு முழங்கை எரிந்தது, ஆனால் மண்டைக்குள் பன்னிரண்டு மணி என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே சட்டைக்குள் கையை விட்டுப் பத்திரிகையை உருவி, ரெண்டு கையாலும் மேலே நீட்டினேன்.

"மாமா... பத்திரிகை."

அவர் எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். குனிந்து ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எம்புட்டோ பேரு எனக்குப் பத்திரிகை வச்சிருக்காக. இம்புட்டு மரியாதையா, நெடுஞ்சாண்கிடையா விழுந்து ஒருத்தனும் வச்சதில்ல" என்றார். நிஜமாகத்தான் சொன்னாரா, கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. அவர் சாகும்வரை எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். ஹேண்டில்பார் ஒரு பக்கம், முன்சக்கரம் ஒரு பக்கம் பார்த்தது. தகவல் கேட்டு ஓடி வந்த மாப்பிள்ளை வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு என்னிடம், "பெரியப்பா பத்திரிகைய வாங்கிட்டாரா மாப்ள?" என்றார்.

"வாங்கிட்டாரு மச்சான்."

"அப்ப வண்டி கெடக்கு, விடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா எனக்கு முன்னால் அழ ஆரம்பித்திருந்தாள்.

கல்யாணத்துக்குப் பெரியப்பா ஒரு பஸ் நிறையச் சொந்தங்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டும்வரை பக்கத்தில் இருந்தவர்களிடம் கண்மாய்க் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண போட்டோக்களில் நான் முழங்கையில் கட்டோடு, எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாத முகத்தோடு நிற்பேன்.

இப்போது அந்த வீட்டுக்கு மச்சான்தான் மூத்தவர். போன வருஷம் என் மகள் கல்யாணத்துக்கு நானும் என் மனைவியும் தாம்பாளத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம். மச்சான் நாற்காலியை நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரெண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டார்.

"என்ன மாப்ள, நடந்து வார? எங்க பெரியப்பாவுக்கு ஒரு மரியாதை, எனக்கு ஒரு மரியாதையா?"

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அறுபத்தைந்து வயதில், மூட்டு வலியோடு, நான் விழுந்தேன். எழுப்பி விடத்தான் ரெண்டு பேர் தேவைப்பட்டார்கள்.