நாலு வாய்க் குழாய்

பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்ற இராஜமாணிக்கத்துக்கு ஒன்று மட்டும் விளங்கிவிட்டது. இந்தக் காரில் டர்போவுக்கு இடம் இல்லை. மேலே தூக்கினால் பானெட் மூடாது. கீழே இறக்கினால் ஸ்டீரிங் தண்டில் முட்டும். பக்கத்தில் தள்ளினால் பிரேக் எண்ணெய்ப் புட்டி வெந்துபோகும்.

“அண்ணே, முடியுமா முடியாதா? இப்பவே சொல்லிடுங்கலா,” என்றான் கண்ணப்பன்.

சிரம்பான் தெமியாங்கில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் முருகப்பச் செட்டியாரின் மகன் அவன். கடையில் கால் தரிக்காது; கார் என்றால் உயிர். அடிபட்ட ஜப்பான் கார் ஒன்றின் முன்பாதியை வாங்கி, அதிலிருந்த டர்போவைத் தன் பழைய காரில் மாட்டியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். என்ஜின் கக்கும் புகையாலேயே சுழன்று, அதே என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறிதான் டர்போ. புகையை அதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் எக்ஸாஸ்ட் குழாய் இந்தக் காருக்கென்று எங்கும் விற்பதில்லை. கையால்தான் செய்ய வேண்டும்.

“முடியும் தம்பி.”

வாய் முந்திக்கொண்டது. முந்தாமல் என்ன செய்யும்? சுவா ஊருக்கு உள்ளே அவன் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாகிவிட்டது. தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மழை தொடங்குமுன்பே ரப்பர் ஆலையை மூடினார்கள். மாத முடிவில் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். பாய்லர் ஃபிட்டராகவே காலம் கழித்தவன் இந்த வயதில் எந்தக் கதவைத் தட்டுவான்? கண்ணப்பன் தெமியாங்கில் வர்க்‌ஷாப் திறக்கப்போகிறான். மாடியில் குடியிருக்க வீடும் உண்டு. கார் ஓடினால் அந்த வேலையும் வீடும் இராஜமாணிக்கத்துக்கு. ஓடாவிட்டால் சந்திரனுக்கு.

சந்திரன் சிரம்பான் மெக்கானிக். கண்ணப்பன் எங்கே போனாலும் கூடவே வருவான். வாயில் பல்குச்சி. எந்த என்ஜினைப் பார்த்தாலும் இழவு வீட்டுக்கு வந்தவன்போலத் தலையை ஆட்டுவான்.

மூடிக் கிடந்த ஆலையின் கொட்டகையில் வேலை தொடங்கியது. இராஜமாணிக்கம் கம்பியை வளைத்து வளைத்து வழி பார்த்தான். என்ஜினில் புகை வெளியேறும் வாய் நாலு. நாலிலிருந்தும் தனித்தனிக் குழாய் கிளம்பி, எதிலும் இடிக்காமல் நெளிந்துபோய், டர்போவின் ஒரே வாயில் கூட வேண்டும். நாலும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். அதுதான் கழுத்தைப் பிடிக்கிற இடம்.

“அது எதுக்குண்ணே ஒரே நீளம்?” என்று கேட்டான் கண்ணப்பன்.

“காலையில பெரட்டுல ஆளுங்க ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து பேர் கொடுப்பாங்கல்ல தம்பி? ஒருத்தன் வழி குட்டை, இன்னொருத்தன் வழி நெட்டைன்னா, ரெண்டு பேரும் ஒண்ணா வந்து வாசல்ல இடிச்சுக்குவாங்க. பொகையும் அப்படித்தான்.”

“பொகைக்கெல்லாம் பெரட்டு வச்ச மொத ஆளு நீங்கதாண்ணே,” என்றான் சந்திரன், பல்குச்சியை எடுக்காமலே.

இராஜமாணிக்கம் காதில் வாங்கவில்லை. ஆலைக் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டுப் பழைய பாய்லரின் நீராவிக் குழாய் வளைவுகளை அறுத்தெடுத்தான். இஞ்சுக்கு இஞ்சு அளந்து வெட்டினான். வெல்டிங் சூட்டில், என்ஜினோடு சேரும் அடித்தகடு கோணிவிடாதபடி ஒரு பழைய என்ஜின் தலையில் முடுக்கிவைத்து ஒட்டினான். முடிந்ததைத் தூக்கிப் பார்த்தபோது அவனுக்கே கண் கலங்கியது. இவ்வளவு நல்ல வேலையை அவன் ஆலைக்குக்கூடச் செய்ததில்லை.

கொட்டகை ஒழுகியது. புது இரும்பு ஈரத்தில் கிடந்தால் ஒரே ராத்திரியில் துருவேறிவிடும். சாக்கில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்து, காய்ந்த இடம் அடுப்பங்கரைதான் என்பதால் அங்கே வைத்தான்.

“என்னங்க, சாமி மாதிரி தூக்கிட்டு வர்றீங்க?” என்றாள் மனைவி மயிலம்மாள்.

“சாமிதான் புள்ள. இது ஓடினாத்தான் நமக்கு வீடு.”

அவள் சோற்றுப்பானையை நகர்த்தி இடம் விட்டாள்.

மறுநாள் மாட்டினார்கள். என்ஜின் ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக இருந்தது. கண்ணப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். சிரித்து வாய் மூடுமுன் பின்குழாயிலிருந்து நீலமும் வெள்ளையுமாகப் புகை கிளம்பியது.

“ஐயோ, அணைங்கண்ணே, அணைங்க!”

அணைத்தான். சந்திரன் பல்குச்சியை வெளியே எடுத்தான்.

“எண்ணெய் எரியுது. கேஸ்கெட் உக்காரல.”

குழாய்க்கும் என்ஜினுக்கும் நடுவே வைக்கிற கேஸ்கெட் தகட்டுக்கும் எண்ணெய்க்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்க இராஜமாணிக்கத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. புகைதான் ஊரறிய வந்துவிட்டதே, என்ன முகத்தோடு கேட்பது? குழாயைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். வாசற்படியில் உட்கார்ந்து அடித்தகட்டை மட்டமாக ராவினான்.

“ஒத்துவரலையா?” என்றாள் மயிலம்மாள்.

“பொகையுது புள்ள.”

“புதுசு இல்ல? மொதல்ல அப்படித்தான் இருக்கும். மனசை விடாதீங்க.”

கட்டியவள் வாயால் அதைக் கேட்டபோது கொஞ்சம் தெம்பு வந்தது. மறுபடி மாட்டினார்கள். மறுபடியும் புகை, முன்னைவிடக் கூடுதலாக.

“டர்போ சீல் போச்சு,” என்றான் சந்திரன். “எண்ணெய் உள்ள எறங்குது.”

இது நியாயமாகப் பட்டது. டர்போவைப் பிரித்துச் சீல் மாற்றினார்கள். எண்ணெய் நன்றாக வடிய வேண்டுமென்று டர்போவைக் கொஞ்சம் தூக்கி வைத்தான் இராஜமாணிக்கம். தூக்கியதால் பானெட் மூடவில்லை. மூடாததால் பானெட்டில் ஓட்டை போட்டார்கள். ஓட்டை போட்டபின் பார்த்தால் குழாய் ரெண்டு விரற்கடை எட்டவில்லை. அறுத்து ஒட்டினான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிக்கொண்டிருந்தது.

அன்றும் குழாய் அடுப்பங்கரையில்தான் தங்கியது. மறுநாள் என்ஜினைக் கிளப்பியதும் வந்த புகையைப் பார்த்து, கொசுமருந்து வண்டி வந்துவிட்டதென்று லயத்துப் பெண்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள். என்ஜினை இரண்டு நிமிஷம்கூட ஓட விடாமல் அணைத்தார்கள்.

சந்திரன் கையைக் கட்டிக்கொண்டான். “பிஸ்டன் ரிங். என்ஜினையே எறக்கணும்.”

இறக்கினார்கள். நல்ல என்ஜின் நாலு தட்டில் துண்டு துண்டாகக் கிடந்தது. பிரித்த ரிங்கில் ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் மாற்றினார்கள், பிரித்தபின் மாற்றாமல் விட யாருக்கும் மனசு வரவில்லை.

“நல்லா ஓடிக்கிட்டிருந்த காருண்ணே,” என்றான் கண்ணப்பன். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இராஜமாணிக்கத்துக்கு.

அவன் பழைய குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுக்கப் புதிதாக ஒன்று செய்தான். இன்னும் கெட்டி, இன்னும் அகலம். சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து வீடுகளில் சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்கள். மயிலம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“நான் ஏதாச்சும் செய்யட்டுமா?”

“நீ என்ன புள்ள செய்வே? நீ கூட இருக்கிறதே போதும்.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுக் குழாயை அவன் கையிலிருந்து வாங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள்.

கடைசிச் சோதனைக்கு முருகப்பச் செட்டியாரே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. வர்க்‌ஷாப்புக்கு இடம் அவருடையது. அவர் சொல்வதுதான் முடிவு. நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மயிலம்மாள் காப்பித் தூக்கோடு கொட்டகை ஓரத்தில் வந்து நின்றாள்.

“ஆரம்பிங்க,” என்றார் செட்டியார்.

இராஜமாணிக்கம் குலசாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருகினான். என்ஜின் அப்படியே பாடியது. குழாயில் ஒரு விரிசல் இல்லை, ஓர் இடத்தில் காற்று கசியவில்லை. டர்போ விசில் அடித்துக்கொண்டு எழும்பியது. அந்த ஒரு மூச்சு நேரம் அவன் தெமியாங் மாடிவீட்டில் குடியேறிவிட்டான்.

அப்புறம் புகை வந்தது. அது முன்பு வந்ததெல்லாம் புகையே இல்லை என்பதுபோல வந்தது. கொட்டகை மறைந்தது, சந்திரன் மறைந்தான், செட்டியாரின் வேட்டி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

“அணைப்பா! அணை!” செட்டியார் இருமிக்கொண்டே எழுந்தார். மூக்கை உறிஞ்சினார். “ஏங்க, இங்க யாரு வீட்டுலயாச்சும் தாளிக்கிறாங்களா?”

இராஜமாணிக்கம் சாவியைத் திருகி என்ஜினை அணைத்தான்.

“அப்பச்சி, இன்னொரு தடவை...” என்று அப்பாவிடம் இழுத்தான் கண்ணப்பன்.

“போதும்ப்பா. மனுசன் நல்லவருதான், கை ராசி இல்ல. சந்திரனையே வச்சுக்க.”

சந்திரன் மரியாதையாகப் பல்குச்சியைக் கீழே போட்டான். இராஜமாணிக்கம் காரின் மட்கார்டைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எங்கே தப்பு என்று தெரிந்தாலாவது அழலாம், அதுவும் தெரியவில்லை. பெற்ற பிள்ளை போனாற்போல இருந்தது அவனுக்கு.

மயிலம்மாள் காப்பித் தூக்கை வைத்துவிட்டு ஓடிவந்தாள். செட்டியார் முன்னால் கையைக் கூப்பினாள்.

“மொதலாளி, அவரு கையில ஒரு கொறையும் இல்லீங்க, அந்த இரும்புதான் இன்னும் பழகல, புதுத் தோசைக்கல்லுன்னாலும் எண்ணெய் ஊத்திப் பழக்காம நெருப்புல ஏத்துவோமா, அதான் ஒவ்வொரு தடவையும் நாலு வாய்லயும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊத்தி வச்சேன், இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு மூணு கரண்டி!”